தே தாரிக்கை உறைய வைப்பதா, ஓட விடுவதா? – கேமரா கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மேனுவல் மோட் (கேமராவில் ‘எம்’ என்று போட்டிருப்பது, எல்லா அமைப்பையும் நாமே வைப்பது) பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால், எல்லோருக்கும் சிங்கப்பூரில் அவரவர் பேட்டையின் பெயர் மட்டும்.

அக்கா, பிள்ளைகள் சேர்ந்து எனக்கு ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். ஆட்டோவில் வைத்தாலே படம் பளிச்சென்று வருகிறது. அப்புறம் எதற்கு இந்த ‘எம்’? அதைத் தொட்டால் ஒன்று கும்மிருட்டு, இல்லாவிட்டால் வெள்ளைவெளேர். – தெம்பனிஸ் வாசகி

ஆட்டோவில் நன்றாக வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த ‘நன்றாக’ என்பதற்கு வெளிச்சம் சரியாக விழுந்திருக்கிறது என்பது மட்டும்தான் பொருள். அதே வெளிச்சத்தில், அதே இடத்தில் நின்றுகொண்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து படங்கள் எடுக்கலாம். அவற்றில் உங்களுக்கு எது வேண்டும் என்று கேமராவுக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. ‘எம்’ இருப்பது அதைச் சொல்வதற்காக.

தேக்கா சந்தை உணவங்காடிக்குப் போய், தே தாரிக் ஆற்றும் கடைக்கு எதிரே ஒரு மேசையில் உட்காருங்கள் (கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஒரு டீயும் வாங்கிக்கொண்டு). ஒரு குவளை தலைக்கு மேலே போகிறது, இன்னொன்று இடுப்புக்குக் கீழே இறங்குகிறது, நடுவில் ஒரு கை நீளத்துக்குத் தேநீர் தொங்குகிறது. கேமராவோடு வந்த கிட் லென்ஸை, காட்சி அகலமாகத் தெரியும் பக்கம் வைத்து எஃப் 4 (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஷட்டர் 1/1000 நொடி (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்), ஐஎஸ்ஓ 6400 (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) என்று எடுத்தால் அந்தத் தேநீர் கண்ணாடிக் கம்பி மாதிரி உறைந்து நிற்கும். விளிம்பில் தெறிக்கும் சொட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், அதெல்லாம் வெறும் கண்ணுக்கு அகப்படாத விஷயம். இப்போது எஃப் 4-ஐத் தொடாமல் ஷட்டரை 1/15 நொடிக்கும் ஐஎஸ்ஓவை 100-க்கும் கொண்டு வாருங்கள். படத்தின் வெளிச்சம் இம்மி மாறாது. ஆனால் சொட்டு ஒன்றுகூட இல்லை. மேலிருந்து கீழே வழுவழுவென்று ஒரே பட்டு இழை, ஆற்றுபவரின் கைகளும் கொஞ்சம் கலைந்து, அந்த வேகம் அப்படியே படத்தில் இருக்கும். மூன்றாவதாக, ஷட்டரை 1/15-லேயே விட்டுவிட்டு எஃப் 11, ஐஎஸ்ஓ 800 வையுங்கள். இழையும் இருக்கும், துவாரம் சிறிதானதால் பின்னால் அடுக்கியிருக்கும் பால் டின், விலைப்பலகை, பக்கத்துக் கடைக்காரர் எல்லாம் தெளிவாக வந்து சேர்ந்துவிடுவார்கள்.

ஒரே வெளிச்சத்தில் மூன்று படம். முதல் படம் தேநீரைப் பற்றியது, இரண்டாவது அந்தக் கைகளைப் பற்றியது, மூன்றாவது கடையைப் பற்றியது. உங்கள் ஆட்டோ என்ன செய்யும் தெரியுமா? எஃப் 4, 1/125, ஐஎஸ்ஓ 800 என்று நடுவில் எங்காவது போய் நின்றுகொள்ளும். சொட்டு உறையவும் உறையாது, இழை ஓடவும் ஓடாது. பார்த்தால் குறை சொல்ல முடியாத படம், ஆனால் இரண்டாம் முறை பார்க்கத் தோன்றாது.

கும்மிருட்டும் வெள்ளைவெளேரும் வருவதற்குக் காரணம், ஒரு சக்கரத்தைத் திருப்பிவிட்டு மற்றதை அப்படியே விடுவதுதான். 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும் எஃப் எண்களில் ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகக் குறையும் (எண் பெரிதாகப் பெரிதாகத் துவாரம் சிறிதாகிறது, தலைகீழாகத் தெரிந்தாலும் கணக்கு அப்படித்தான்). ஷட்டரில் 1/125 என்பதை 1/60 ஆக்கினால் இரட்டிப்பாகும். ஐஎஸ்ஓ 100, 200, 400 என்று ஏற ஏறப் படம் இரண்டு மடங்கு வெளிச்சமாகிக்கொண்டே போகும். மேலே தேநீரில் ஷட்டரை ஆறு படி மெதுவாக்கினோம், ஐஎஸ்ஓவை ஆறு படி இறக்கினோம், சரியாகப் போயிற்று. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, உங்கள் கேமராவில் பெரும்பாலும் மூன்று ‘கிளிக்’ ஒரு படி. இந்தப் பக்கம் மூன்று கிளிக் கொடுத்தால் அந்தப் பக்கம் மூன்று கிளிக் எடுங்கள், அவ்வளவுதான்.

1/15-ல் கை ஆடுமே என்று கேட்பீர்கள். முழங்கை இரண்டையும் மேசைமேல் ஊன்றுங்கள். கேமராவிலோ லென்ஸிலோ ஆட்டத்தைத் தாங்கும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், அது உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் தாங்கும், தேநீரை நிறுத்தாது. அதனால் நமக்கு வேண்டியது கெடாது.

தம்பி கல்யாணத்தில் நான்தான் படம் எடுத்தேன். மாப்பிள்ளை பட்டு வேட்டி சட்டையில் மட்டும் தனியாக நின்றால் வேட்டி சாம்பல் நிறமாகி முகம் கறுத்துவிட்டது. அவனுடைய நண்பர்கள் கறுப்பு கோட்டில் வந்து நின்றால் முகமெல்லாம் வெளுத்துவிட்டது. அதே மண்டபம், அதே விளக்கு. கேமராவில் கோளாறா அக்கா? – பிடோக் வாசகர்

கோளாறு இல்லை. கேமராவின் மீட்டர், அதாவது வெளிச்சத்தை அளக்கும் கருவி, எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. படம் முழுக்க வெள்ளை வேட்டி இருந்தால், ‘அடேயப்பா, வெளிச்சம் அதிகம்’ என்று குறைத்துவிடும். கறுப்புக் கோட்டு நிறைந்திருந்தால் ‘இருட்டு’ என்று ஏற்றிவிடும். ஆடை மாறியதே தவிர விளக்கு மாறவில்லை என்பது அதற்குப் புரியாது. உங்களுக்குப் புரியும். மேனுவல் மோடுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது: மேடை விளக்கு மாறாதவரை ஒருமுறை அமைத்ததைத் தொடவே கூடாது. மாப்பிள்ளை, பெண், கோட்டுப் போட்டவர், வெள்ளைச் சேலைப் பாட்டி யார் வந்து நின்றாலும் அதே எண்கள்தான்.

அந்த முதல் அமைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் உள்ளங்கை போதும். மேடை விளக்கு விழும் இடத்தில் உள்ளங்கையைப் பிடித்து, படம் முழுக்க அதுவே நிறையும்படி பாருங்கள், ஃபோகஸ் ஆகாவிட்டாலும் கவலையில்லை. உள்ளங்கை அந்த நடுத்தரச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு படி வெளிச்சமானது, ஆள் எந்த நிறமானாலும் உள்ளங்கையில் வித்தியாசம் குறைவு. ஆகவே திரையின் அடியில் இருக்கும் அளவுகோலில் முள் +1-ல் நிற்கும்படி ஷட்டரையோ ஐஎஸ்ஓவையோ சரிசெய்யுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு, முள் எங்கே போனாலும் பொருட்படுத்தாமல் எடுத்துக்கொண்டே போங்கள். ஒரு எச்சரிக்கை: ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டிருந்தால் இதெல்லாம் வீண், அது பின்னாலிருந்து மாற்றிக்கொண்டே இருக்கும், அணைத்துவிடுங்கள். வீடியோக்காரர் தன் விளக்கைக் கொண்டுவந்து நீட்டினால் மறுபடியும் ஒருமுறை உள்ளங்கை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீட்டு விசேஷப் படங்களில் கறுத்த முகங்கள் வெளிறி, மாநிறம் மஞ்சள் பூத்து வருவதைப் பார்த்துப் பார்த்து, அதுதான் ‘நல்ல படம்’ என்று பலர் பழகிவிட்டார்கள். பின்னணி இருட்டாக இருக்கும்போது ஆட்டோ செய்யும் வேலை இது. கறுத்த தோலில் விளக்கொளி விழுந்தால் கன்னத்திலும் நெற்றியிலும் ஒரு பளபளப்பு வரும், அதைப்போல அழகு வேறில்லை, ஒரு படி கூடுதலாக வெளிச்சம் ஏற்றினால் அது போய்விடும். தாத்தாவின் நிறம் தாத்தாவின் நிறமாகவே வரட்டும். அதை முடிவு செய்யும் உரிமையைப் பெட்டிக்குள் இருக்கும் கணக்கிடம் கொடுக்காதீர்கள்.

விளக்கு பூஜையில் எடுத்த படங்களில் அந்தத் தங்க நிறமே இல்லை. குழல்விளக்கின் கீழ் எடுத்த மாதிரி இருக்கிறது. – உட்லண்ட்ஸ் வாசகி

வைட் பேலன்ஸ், அதாவது விளக்கின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு, ஆட்டோவில் இருந்திருக்கும். எண்ணெய் விளக்கின் சுடர், ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் 1900, 2000 போல இருக்கும், பகல் வெயில் 5500-ஐ ஒட்டி. ஆட்டோ எல்லாவற்றையும் வெள்ளையாக்கப் பார்க்கும், முழுக்க முடியாவிட்டாலும் முடிந்த மட்டும் தங்கத்தைத் துடைத்துவிடும். நீங்களே சூரியன் படம் போட்ட ‘பகல்’ அமைப்பில் வையுங்கள், சுடர் நல்ல செம்பொன்னாக வரும். ரொம்பச் சிவந்துவிட்டால் கெல்வினில் 3500, 4000 என்று கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். ‘ரா’ கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் பிறகும் மாற்றலாம், ஆனாலும் எடுக்கும்போதே திரையில் சரியான நிறத்தைப் பார்ப்பது நல்லது, அப்போதுதான் அடுத்த படத்தை அந்த நிறத்துக்கு ஏற்றபடி யோசிப்பீர்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், கும்பிடுபவர்களுக்கு இடைஞ்சல், விளக்கொளியும் செத்துவிடும். கோயிலில் எங்கே படம் எடுக்கலாம், எங்கே கூடாது என்று அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மகளின் நடன நிகழ்ச்சியைச் சத்தமில்லாத ஷட்டரில் 1/500-ல் எடுத்தேன், படம் முழுக்கக் குறுக்கே கறுப்புப் பட்டைகள். – செங்காங் வாசகர்

இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சத்தமில்லாத ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது, விளக்கு மங்கிய நேரத்தில் வாசித்த வரிகள் இருண்டுவிடும். சத்தம் வரும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/100 அல்லது 1/50 வையுங்கள். 1/100-ல் ஆடுபவரை உறைய வைக்க முடியாதே என்றால், நடனத்தில் முத்திரை பிடித்து ஒரு கணம் நிற்கும் இடங்கள் உண்டல்லவா, அம்மா அப்பாவுக்கு அவை எங்கே வரும் என்று ஒத்திகையிலேயே தெரிந்திருக்கும். அங்கே அழுத்துங்கள்.

அக்கா, நான் தொழிற்கல்லூரி மாணவன். பழைய கேமரா, கிட் லென்ஸ், ட்ரைபாட் கிடையாது. மெதுவான ஷட்டர் போட்டு ஏதாவது புதுசாகச் செய்யலாம் என்று மத்தியானம் வெளியே போனால் படம் வெறும் வெள்ளையாக வருகிறது. – ஜூரோங் வாசகர்

தம்பி, உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்து எஃப் 16-க்கு மூடினாலும் ஷட்டர் 1/125-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதற்குமேல் மெதுவாக்கினால் வெள்ளைதான். லென்ஸ்முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடி, அதாவது என்டி ஃபில்டர் வாங்கலாம், ஆனால் காசு செலவழிப்பதற்குமுன் வானத்தைப் பாருங்கள். மழைக்கு முன் நன்றாக மூட்டம் போட்டிருக்கும் நேரத்தில் எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/30 தாராளமாகக் கிடைக்கும். சிங்கப்பூரில் மேகத்துக்கா பஞ்சம்?

1/30 கிடைத்துவிட்டால் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் சைக்கிள் பாதைக்குப் போங்கள். ஓரமாக, யார் வழியையும் மறிக்காமல் நில்லுங்கள். சைக்கிள் உங்களுக்கு எதிரே வரும்போது நேராக எந்தப் பக்கம் பார்ப்பீர்களோ அந்தப் பக்கம் பாதங்களை வைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து திரும்பி, தூரத்தில் வரும்போதே கேமராவில் அவரைப் பிடியுங்கள். அவர் கூடவே திரும்பிக்கொண்டு வந்து, எதிரே வரும்போது அழுத்தி, அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். பெரும்பாலோர் அழுத்தியவுடன் நின்றுவிடுகிறார்கள், அதில்தான் படம் கெடுகிறது. சரியாக வந்தால் ஓட்டுபவர் தெளிவாக இருப்பார், பின்னால் மரமும் கடலும் கோடுகோடாக இழுபடும். நிறையத் தவறும், பரவாயில்லை, ஃபிலிம் செலவு இல்லை.

அப்புறம் மாலை. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வருஷம் முழுக்க ஏழு மணியையொட்டியே சூரியன் மறைகிறது, மறைந்தபின் நீல வெளிச்சம் 20 நிமிடம் போலத்தான் நிற்கும், சடசடவென்று இருட்டிவிடும். ஆகவே ஏழு மணிக்குக் கிளம்பக் கூடாது, ஏழு மணிக்கு இடத்தில் இருக்க வேண்டும். தீபாவளி ஒளியூட்டு நேரத்தில் சிராங்கூன் ரோட்டில் ஒரு தூணிலோ கைப்பிடிச் சுவரிலோ கேமராவை அழுத்திப் பிடித்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 11, ஷட்டர் 1 நொடி வைத்து, அந்த ஒரு நொடிக்குள் ஸூம் வளையத்தைத் திருப்புங்கள். அலங்கார வளைவின் விளக்குகள் எல்லாம் நடுவிலிருந்து வெடித்துப் பரவுகிற மாதிரி வரும். இதில் நுணுக்கம் ஒன்று உண்டு: முதல் அரை நொடி திருப்பாமல் விட்டுவிட்டு மீதி அரை நொடியில் திருப்பினால், வளைவின் உருவமும் மிஞ்சும், கதிரும் வரும். முதலிலிருந்தே திருப்பினால் வெறும் கோடுதான், எந்தத் தெரு என்றே தெரியாது. ஃபோகஸை முதலிலேயே பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இதற்குப் பழைய கிட் லென்ஸே போதும். சொல்லப்போனால் ஸூம் இல்லாத விலையுயர்ந்த லென்ஸால் இதைச் செய்யவே முடியாது.

ஐஎஸ்ஓ 800-க்கு மேல் போகவே கூடாது என்கிறார்கள், சரியா? – புக்கிட் பாத்தோக்

சரியில்லை. ஐஎஸ்ஓ ஏறிப் புள்ளிபுள்ளியாக இருந்தாலும் தெளிவான படத்தை மென்பொருளில் தேற்றலாம், ஆடிப்போன முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சம் ஏற்றினாலும் அதே புள்ளிகள்தான் வந்து நிற்கும், சில கேமராக்களில் இன்னும் மோசமாக. 3200, 6400 தாராளமாகப் போங்கள்.

50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். பேத்தியை எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் இன்னொரு கண் மங்கலாகவும் வருகிறது. லென்ஸை மாற்றித் தரச் சொல்லவா? – அங் மோ கியோ வாசகர்

வேண்டாம் ஐயா, லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-ல் தெளிவாக வரும் ஆழம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். குழந்தை முகத்தைக் கொஞ்சம் திருப்பினாலே இன்னொரு கண் அந்த எல்லைக்கு வெளியே போய்விடும். எஃப் 4-க்கு வாருங்கள், ஆழம் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும். பின்னணி மங்காதே என்ற கவலை வேண்டாம், பின்னணி மங்குவதற்கு எஃப் எண் மட்டும் காரணமில்லை, தூரமும் காரணம். பேத்தியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல், அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தின் ஒரு முனையில் நிறுத்துங்கள். பின்னால் அந்த நீண்ட தளமும் தூண்களும், கடைசியில் வெளியே தெரியும் மரங்களின் பச்சையும், எஃப் 4-லேயே அழகாகக் கரைந்துபோகும். பக்கவாட்டிலிருந்து வரும் அந்த வெளிச்சமும் முகத்துக்கு மிக நல்லது. எஃப் 1.8-ஐ வேண்டுமென்றே பயன்படுத்தும் நாளும் வரும், குழந்தை தூங்கும்போது இமை மயிர் மட்டும் தெளிவாக எடுக்க.

ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்தால் லென்ஸ் பனி பூத்துவிடுகிறது. – பொங்கோல்

குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. பையைத் திறக்காமல் வெளியே வந்து, உள்ளேயே கொஞ்ச நேரம் இருக்கவிட்டுப் பிறகு எடுங்கள். துடைத்தால் மறுபடி பூக்கும், அந்த நேரத்தில் லென்ஸையும் கழற்றாதீர்கள். வீட்டில் ட்ரை கேபினெட் (ஈரத்தைக் குறைக்கும் பெட்டி) வைத்து ஈரப்பதத்தை 40-லிருந்து 50 விழுக்காட்டுக்குள் வைத்தால் பூஞ்சையும் பிடிக்காது.

தேசிய தின வாணவேடிக்கைக்கு என்ன அமைப்பு? போன முறை எல்லாம் வெள்ளைப் பந்துகளாக வந்தன. – தோ பாயோ

கறுப்பு வானத்தைப் பார்த்து மீட்டர் ஏமாந்திருக்கிறது. ஐஎஸ்ஓ 100, எஃப் 11, ஷட்டர் 2-லிருந்து 4 நொடி, ட்ரைபாட், தூரத்துக் கட்டடத்தில் ஃபோகஸ் பிடித்துப் பூட்டிவிடுதல். வெடி மேலே ஏறும் சத்தம் கேட்டதும் அழுத்தத் தொடங்குங்கள். முதல் சில நிமிடங்களிலேயே நல்லதாக எடுத்துவிடுங்கள், காற்று இல்லாத இரவில் போகப்போகப் புகை சேர்ந்துகொண்டே இருக்கும்.

எப்போதும் ‘எம்’-லேயேதான் இருக்க வேண்டுமா? நான் ‘ஏ’ மோட் (எஃப் எண்ணை நாம் வைக்க, ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்வது) போட்டால் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். – ஈசூன்

யார் கேலி செய்தாலும் செய்யட்டும். வெயிலும் நிழலுமாக மாறிக்கொண்டே இருக்கும் தைப்பூச ஊர்வலத்தில், பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடியோடு நடந்துகொண்டே எடுக்கும்போது, மூன்றையும் கையால் மாற்றிக்கொண்டிருந்தால் காவடி போய்விடும், முகம் போய்விடும். அங்கே ‘எம்’ வைத்து ஷட்டரையும் எஃப் எண்ணையும் நீங்கள் பிடித்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடலாம். உறைய வைப்பதா, ஓட விடுவதா, பின்னணி வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு உங்களிடம்தான் இருக்கிறது, வெளிச்சக் கணக்கை மட்டும் கேமரா பார்த்துக்கொள்கிறது. முழு மேனுவல், வெளிச்சம் மாறாத இடத்துக்கு: மேடை, வீட்டுக்குள், இரவு, வாணவேடிக்கை.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புபவர்கள் படத்தோடு எஃப் எண், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் எழுதுங்கள், மாற்றிய படத்தை அனுப்பாமல் கேமராவில் இருந்ததை அப்படியே அனுப்புங்கள். மழைக்கால வெளிச்சம் பற்றி நாலைந்து கேள்விகள் காத்திருக்கின்றன, முதலில் அவற்றை எடுத்துக்கொள்கிறேன்.